அக்காவின் வயது

யாராவது என் வயதைக் கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்ல மாட்டேன். கேட்டவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று முதலில் பார்ப்பேன். கிளினிக்கில் கேட்டால் ஒரு வயது. கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் கேட்டால் இன்னொரு வயது. இரண்டுக்கும் மூன்று வருட வித்தியாசம். மருந்துச் சீட்டில் எந்த வயதைப் போட்டார்களோ, அதனால் மாத்திரையின் அளவு மாறிவிடுமோ என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருப்பேன். என் மகன் சிரிப்பான். "மூணு வருஷத்துக்கெல்லாம் மருந்து மாறாதும்மா, ரிலாக்ஸ் லா" என்பான். அவனுக்கு எல்லாமே ரிலாக்ஸ்தான்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். நம்மில் எத்தனை பேருக்குப் பிறந்த நாள் சரியாகத் தெரியும்? தீபாவளிக்கு முந்தின மாசம், ரப்பர் மரம் வெட்டின வருஷம், லயத்து வீட்டு வரிசைக்குள் தண்ணி வந்தப்போ கைக்குழந்தை, இப்படித்தான் நம் அம்மாக்கள் கணக்குச் சொல்வார்கள். மிச்சத்தைத் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி எழுதிக்கொள்வார். ஆனால் என்னுடையது அப்படி மறந்துபோய் மாறின தேதி இல்லை. என் காகிதத்தில் இருக்கிற தேதி மிகச் சரியான தேதி. அது என்னுடையது இல்லை, அவ்வளவுதான்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த வருடம் அது. புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் எங்கள் தோட்டம் இருந்தது. ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிளறின மண் வாசம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் புதிதாக ஒரு தலைமை ஆசிரியர் வந்திருந்தார். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். பட்டணத்தில் இருக்கிற இடைநிலைப் பள்ளிக்கு எங்களில் ஏழு பேரை அனுப்ப வேண்டும், முதல் வருடம் மலாய் பழகுகிற ரிமூவ் வகுப்பு, எல்லாரும் பிறப்புப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்றார்.

அப்பா பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். அதன் மூடியில் குதிரை வண்டிப் படம் பாதி அழிந்திருக்கும். உள்ளே நான்காக மடித்த காகிதம், அதன்மேல் ஒரு சின்னக் கருமணி வளையல். வளையலை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, காகிதத்தை என்னிடம் கொடுத்தார். "தொலைச்சிடாத. இது போனா நீ போன மாதிரி." அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை நின்று, இருக்கிறதா என்று பார்த்தேன். அப்போதே நான் அப்படித்தான்.

தலைமை ஆசிரியர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இது யாரு பேப்பர்?"

"என்னோடதுதான் சார்."

"ஒனக்கு என்ன வயசு?"

"பன்னண்டு சார்."

"வர்ற டிசம்பரோட பதினஞ்சு முடியுதுன்னு இதுல இருக்கே. மூணு வருஷம் எங்க தூங்கிக்கிட்டு இருந்த?"

வகுப்பே சிரித்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் "பாட்டி, பாட்டி, வெத்தல இருக்கா?" என்றான். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. பதினைந்து முடிந்தவர்களை ரிமூவ் வகுப்பில் எடுக்க மாட்டார்கள், அப்பாவை உடனே வரச் சொல் என்றார். முன்பிருந்த தலைமை ஆசிரியர் முதல் வகுப்பில் சேர்க்கும்போது அப்பா வாயால் சொன்னதையே எழுதிக்கொண்டாராம். காகிதத்தை யாரும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

அப்பா போய்விட்டு வந்தார். குளித்தார். சாப்பிடவில்லை. அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்ததாகச் சொன்னார்.

பதினோரு மாதம் இருந்தாள். காய்ச்சலில் போனாள். பிறந்தபோது கிராணி மூலமாக ஒழுங்காகப் பதிந்தார்கள். இறந்தபோது கிராணி லீவில் இருந்தார். "மொதல்ல அடக்கம் பண்ணுங்க, எழுதுறத அப்பறம் பாத்துக்கலாம்" என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சொல்லிவிட்டார். அந்த அப்பறம் வரவேயில்லை. இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். காகிதம் கையில் இருக்கிறது, பிறந்ததும் பெண்தான், அதே பேரை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அப்பா நினைத்தார். லயத்தில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்களாம். போனவளே திரும்பி வந்திருக்கா, அதே பேர் போடு. பட்டணத்துக்குப் போய்ப் பதிய வேண்டாம், ஒருநாள் கூலி மிச்சம். எங்கள் தோட்டத்தில் இப்படிச் செய்தவர் அப்பா ஒருவர் மட்டும் இல்லை. பக்கத்து லயத்தில் ஒரு அண்ணன் இருந்தார், அவரும் செத்துப்போன தம்பியோ அண்ணனோ ஒருவருடைய காகிதத்தில்தான் கல்யாணம்வரை ஓட்டினார்.

"அப்ப நெசமா நான் பொறந்தது எங்கயும் எழுதலயா?" என்று கேட்டேன்.

"நீதான் இங்க ஒக்காந்திருக்கியே" என்றார் அப்பா. "எழுதித்தான் தெரியணுமா?"

அவருக்குப் பயம். இப்போது போய்ச் சொன்னால், இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், உள்ளே தூக்கிப் போடுவார்கள் என்று நினைத்தார். "பேசாம வுடு. பதினஞ்சுன்னா செக்ரோல்ல பேரு போடலாம். வேல கெடைக்கும்."

அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். "அவ படிக்கணும்." அப்பா என்னவோ சொல்ல வந்தார். "படிக்கணும்" என்றாள் மறுபடி.

வழி ஒன்று இருந்தது. பிரசவம் பார்த்தவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சி சொல்லவைத்தால் பதிவு அலுவலகத்தில் புதிதாகப் பதிவார்கள் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுப் பிரசவம் இரண்டையும் பார்த்தது தோட்டத்து ஆயா. கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான், லயத்தில் குழந்தை பிறந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்ததும் அவர்தான். தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றபோது ஆட்களைக் குறைத்தார்கள், அதில் ஆயாவும் போய்விட்டார். மகளோடு கோலசிலாங்கூர் பட்டணத்தில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். பள்ளி திறக்க ஏழு வாரம் இருந்தது. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு.

எனக்குத் தெரிந்த பட்டணம் என்ன? பஸ் நிற்கிற இடம், துணிக்கடை வரிசை, தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை ஐஸ் கச்சாங் சாப்பிட்ட கடை, மேலே மலை, மலையிலிருந்து இறங்கிவந்து கையில் இருப்பதைப் பிடுங்குகிற குரங்குகள். அதற்கு ஒரு முதுகு இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நானும் அம்மாவும் முதுகிலேயே நடந்தோம்.

முதல் ஞாயிறு மீன் சந்தைக்குப் பின்னால் போனோம். ஒரு பெரிய சாக்கடை. அதன்மேல் பலகை. பலகையைத் தாண்டினால் சாலை போடுகிறவர்களும் குப்பை அள்ளுகிறவர்களும் இருந்த லயம், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. தார் வாசமும் மீன் கழுவின தண்ணீர் வாசமும் சாம்பிராணிப் புகையும் ஒன்றாக வரும். பலகை ஆடியது. நடுவில் நின்றுவிட்டேன். "கீழ பாக்காத, என் முதுகப் பாரு" என்றாள் அம்மா. அவளுடைய ரவிக்கைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றின காகிதம் இருந்தது. அவள் விழுந்தால் அதுவும் விழும் என்றுதான் எனக்குக் கவலை.

அங்கே யாரும் எங்கள் பேரைக் கேட்கவில்லை. எந்த வீட்டு வாசலில் நின்றாலும் முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்?" சொன்னதும் அந்தத் தோட்டத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் வருவார், அவருடைய மச்சான் வருவார், பிறகு கோப்பி வரும். துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களை விடவேயில்லை. அவர்களும் தோட்டத்தை விட்டு வந்தவர்கள்தான்.

"ஆறு வருஷம் ஆச்சு. இந்த ஊருக்கு நாங்க இங்க இருக்கோம்னே தெரியாதுக்கா. குப்ப அள்ள ஒருநாள் போகலன்னா அப்பத் தெரியும்" என்று சிரித்தாள். ஆயாவை அவளுக்குத் தெரியும். ஆனால் ஆயா ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதாகக் கேள்வி.

இரண்டாம் ஞாயிறு ஆற்றைத் தாண்டினோம். சம்பான் படகில் நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கோப்பி நிறத்தில் கைக்குப் பக்கத்தில் ஓடியது. அக்கரை சீனர்களின் மீன்பிடிக் கிராமம், கம்பம் என்போம். மரக்கால் வீடுகள், காயப்போட்ட இறால், நடந்தால் செருப்பில் ஒட்டுகிற செதில். அந்த இறால் தட்டிகளுக்கெல்லாம் பின்னால், சதுப்பு தொடங்குகிற இடத்தில், ஆறு தமிழ் வீடுகள். இறால் அவிக்கிற வேலைக்கு வந்தவர்கள். எந்தச் சாலையிலிருந்து பார்த்தாலும் அந்த ஆறு வீடுகள் தெரியாது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு சீன அம்மா எங்களைக் கூப்பிட்டார். சுத்தமான தோட்டத்துத் தமிழ்.

"யாரம்மா தேடற? நான் தோட்டத்துக் கடைக்காரன் மக லா. ஒங்காளுங்க கூடவே வளந்தவ. என்கிட்ட கேளு."

அம்மா சொன்னாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, புள்ளய பெத்த, பேப்பர பெக்கலயா?"

அம்மாவும் சிரித்துவிட்டாள். அந்தக் காலம் முழுக்க அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஆயா அங்கேயும் இல்லை. "வெத்தல வாய்க்காரிதானே? என் பேரப்புள்ள ரெண்டும் அவ கையில பொறந்தது. அவ மக புருஷன்கூட சண்ட, அதான் இப்ப அந்தப் பக்கம் போய்ட்டா, கம்போங் குவாந்தான் போற ரோட்டுல, ஆத்தங்கரையில. நீப்பா ஓல தைக்கிறவங்ககிட்ட கேளு" என்றார். வரும்போது ஒரு காகிதத்தில் கருவாடு சுற்றிக் கொடுத்தார். பிறப்புப் பத்திரத்தில் கருவாட்டு வாசம் ஏறிவிடுமோ என்று பஸ் முழுக்க எனக்குப் பயம்.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. போன வருடம் மகன் ராவாங்கிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு வந்து அந்த அக்கரையில் கடல் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். பெரிய கடை, கண்ணாடித் தொட்டியில் நண்டு. சாப்பிட்டு முடித்து, கார் நிறுத்துகிற இடத்தின் பின்புறம் போய் நின்று பார்த்தேன். சதுப்பை மண் போட்டு நிரப்பியிருந்தார்கள். "என்னம்மா தேடுறீங்க, டாய்லெட்டா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆறு வீடு இருந்தது என்று சொன்னால் எங்கே என்பான். எங்கே என்று காட்ட எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு மழை. சாலையில் தண்ணீர் ஏறிப் பாதி வழியில் பஸ் திரும்பிவிட்டது. அன்று ராத்திரி அப்பா கேட்டார், "எத்தன வாரம் இப்படி அலைவ?" அம்மா ஈரச் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். நான் படுத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். நான்கு வாரம் மிச்சம்.

அந்த நடைகளில் ஒன்றை நான் கவனித்தேன். அப்போது அதை ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அம்மா எங்கள் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வாரம், "மூத்தது தங்கல, அந்தப் பேப்பர இவளுக்கு வச்சிக்கிட்டோம்" என்றாள். அக்கரையில், "பெரியவ பேப்பர்ல சின்னவ இருக்கா" என்றாள். பிறகு ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், யாரும் கேட்காமலேயே, "எனக்கு ரெண்டு பொண்ணு" என்றாள். அம்மாவுக்கு நடந்து நடந்து களைப்பு, அதனால் கதையைச் சுருக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் ஞாயிறு ஆயா கிடைத்தார்.

ஆற்றங்கரை மண்மேட்டை ஒட்டி, நீப்பா ஓலையும் பெட்டிப் பலகையும் துத்தநாகத் தகடுமாகப் பத்துப் பதினைந்து வீடுகள். சாலைக்கும் அவற்றுக்கும் நடுவில் ஆள் உயர லாலாங் புல். நாங்கள் அதை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டோம். கோழி கத்துகிற சத்தம் கேட்டுத்தான் உள்ளே திரும்பினோம். ஆயா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கூரை ஓலை தைத்துக்கொண்டிருந்தார். வாயில் வெற்றிலை. அம்மாவைப் பார்த்ததும் ஊசியை ஓலையில் செருகினார்.

"அடி இவளே! நீயா? இங்க எப்படிடீ வழி கண்டுபிடிச்ச? தபால்காரனே வர மாட்டான்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"இது பெரியவளா, சின்னவளா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓலைமேல் மழைத்துளி விழுகிற சத்தம் கேட்டது. "சின்னவ" என்றாள்.

"ஆமா, பெரியவதான் போய்ட்டாளே. என் மறதிக்குச் செருப்பால அடிக்கணும்." ஆயா ஓலையைத் தள்ளிவைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கால் மொதல்ல வந்தா. நீ போட்ட சத்தத்துல மண்டோர் பொண்டாட்டி பயந்து ஓடிட்டா, ஞாபகம் இருக்கா? தல நெறய முடி. கன்னத்துல குழி விழும்."

"எந்தக் கன்னம்கா?" என்றாள் அம்மா.

"எடது."

"எடதுதானே? நானும் எடதுன்னுதான் நெனச்சேன். இவுங்க அப்பா வலதுங்கறாரு."

"அவனுக்கு என்னா தெரியும். தூக்கி வச்சிக்கிட்டது நானு. எடது."

ஒரு மணி நேரத்துக்குமேல் அவர்கள் பேசினார்கள். அவள் எப்படித் தவழ்ந்தாள், ஆயாக் கொட்டகையில் யார் தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வாள், சீனிக்குப் பதில் உப்பைத் தின்றுவிட்டு எப்படி முகத்தைச் சுளித்தாள். சொன்னதையே அம்மா மறுபடி சொல்லச் சொன்னாள். தாகத்தில் தண்ணீர் குடிக்கிறவளைப் போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் எப்படிப் பிறந்தேன் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் கடைசி பஸ் போய்விடுமே என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "அம்மா, பஸ்ஸு" என்று நான்கு தரம் சொன்னேன்.

கிளம்பும்போதுதான் அம்மா வந்த காரியத்தைச் சொன்னாள். "இதுக்கென்னா, வரேன்" என்றார் ஆயா. "ரெண்டு பேரையும் இந்தக் கையிலதானே எடுத்தேன். எந்த ஆபீசுல வேணும்னாலும் சொல்றேன்."

அடுத்த வாரம் ஒரு வேலை நாளில் அம்மா லீவு சொன்னாள். அப்பா வரவில்லை. பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடைவரிசையின் முன்நடையில் ஒரு மேசையும் தட்டச்சு இயந்திரமுமாக மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருப்பார். பழைய தோட்டத்துக் கிராணி. வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். முதலில் சத்தியக் கடிதம் எழுத வேண்டும், பிறகுதான் உள்ளே போக வேண்டும் என்றார். நான் நல்ல பாவாடை கட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆட்கள் யாராவது அங்கே வந்து என்னைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள் என்று என்னவோ ஒரு நினைப்பு.

அவர் கேட்டார், ஆயா சொன்னார், அவர் தட்டினார். முதல் குழந்தை பிறந்த தேதி காகிதத்தில் இருந்தது.

"எறந்த தேதி?"

அம்மா ஆயாவைப் பார்த்தாள்.

"தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம்" என்றார் ஆயா. "எங்க பொதச்சதுன்னும் போடணுமா?"

"எங்கம்மா?"

"தோட்டத்துக்குப் பின்னால. இப்ப அங்க செம்பன நட்டுட்டானுங்க. ஒண்ணும் தெரியாது."

அவர் தட்டி முடித்துத் தாளை உருவினார். மலாயில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினார். மேற்படி பெண் குழந்தை பதினோரு மாதத்தில் இறந்துவிட்டது. மேற்படி பத்திரம் அக்குழந்தைக்குரியது. இப்போதுள்ள பெண் வேறு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இப்போதுள்ள பெண். அதுதான் என்னைப் பற்றி முதன்முதலாக யாரோ எழுதினது.

மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். அம்மா கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

"இத உள்ள குடுத்தா புதுசு தருவாங்க" என்றார் மனு எழுதுகிறவர். "பழச அவங்க எடுத்துக்குவாங்க."

அம்மாவின் விரல் அப்படியே நின்றது. "எடுத்துக்குவாங்களா?"

"ஆமாம்மா. அது செல்லாதுல்ல."

"திருப்பித் தர மாட்டாங்களா? சும்மா வச்சிக்கிறதுக்கு?"

"ஒரு பேருக்கு ரெண்டு பேப்பர் எப்படிம்மா வச்சிக்க வுடுவாங்க?"

அம்மா தாளைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்த வரியில் அது இருக்கிறது என்று தேடுகிறவளைப் போல மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு விரலைத் தாளில் வைக்காமல் முந்தானையில் துடைத்தாள். நீல மை அந்த மஞ்சள் சேலையில் பெரிதாகப் பரவியது.

"வேணாங்கய்யா."

"என்னாடீ வேணாம்?" ஆயா கத்திவிட்டார். "பைத்தியமாடீ ஒனக்கு? உசுரோட ஒருத்தி நிக்கறா பக்கத்துல!"

"தெரியுதுக்கா."

"அந்தக் கெழவாத்தியான் சேக்க மாட்டான்டி இவள!"

"தெரியுதுக்கா." அம்மா மேசையிலிருந்து பழைய காகிதத்தை எடுத்து மடித்தாள். "ஒரு போட்டோகூட எடுக்கல. பொதச்ச எடமும் இல்ல. இதையும் குடுத்துட்டு நான் எப்படிக்கா வூட்டுக்குப் போவேன்?"

மனு எழுதுகிறவர் தட்டின தாளை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். ஏன் என்னிடம் நீட்டினார் என்று தெரியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். நாலைந்து வருடம் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தேன், பிறகு ஏதோ வீடு மாறும்போது போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்தாள். நான் உருவிக்கொண்டேன். என் பாவாடையிலும் கொஞ்சம் மை ஒட்டியிருந்தது.

அப்பாவுக்கு ஜெயில் பயம், அதனால்தான் படிப்பு நின்றது என்று முப்பது வருடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன். அப்பாவும் அதை மறுத்ததில்லை, பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அது நான் செய்த பெரிய தப்பு, அவர் இருக்கும்போதே ஒருநாள் சொல்லியிருக்கலாம். அம்மாவைப் பற்றி எனக்கு இன்னும் முழுசாக மனம் ஆறவில்லை. எனக்கும் ஒரு பிள்ளை ஒன்றரை மாதத்தில் போனது. ஆஸ்பத்திரியில் அவர்களே எல்லாம் எழுதி, கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதனால் அம்மா செய்தது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிகிறது. புரிந்தாலும் அந்த இடைநிலைப் பள்ளியின் சுவரைத் தாண்டி பஸ் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம்தான் பார்ப்பேன்.

ஜனவரியில் மற்ற ஆறு பேரும் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் கால்சட்டையுமாகப் பட்டணத்து பஸ் ஏறினார்கள். அந்த வாரமே அம்மா என்னைப் பெரட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காலையில் வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்துக்குத்தான் பெரட்டு என்று பேர். பனியில் எல்லாரும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றார்கள். கொசுவத்திப் புகையும் தகர விளக்கின் மண்ணெண்ணெய் வாசமும் வந்தது. உதிரிப் பழம் பொறுக்குகிற வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிராணி செக்ரோல் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அப்பாவுடைய பழைய சட்டை, கை முட்டிவரை மடித்துவிட்டிருந்தது.

"இதுவா பதினஞ்சு? கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு."

வரிசையில் சிரித்தார்கள். மண்டோர், "செம்பனக் கொல ஒண்ணு மேல வுழுந்தா ஆளு காணாமப் போயிடும் கிராணியாரே" என்றார். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

அம்மா மாட்டிக்கொள்வாள், காகிதத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று வரிசையாக எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயைத் திறந்து பன்னண்டு என்று சொல்லிவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"பதினஞ்சுதாங்கய்யா" என்றாள் அம்மா. "நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? போன மாசத்தோட முடிஞ்சுது."

கிராணி எழுதிக்கொண்டார். நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். கூலிக்காகப் பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று தோட்டத்துப் பிள்ளையான எனக்குத் தெரியும். அம்மாவின் முகத்தில் அது இல்லை. விளக்கு வெளிச்சத்தில் அவள் நிமிர்ந்து நின்றாள், கொஞ்சம் பெருமையாகக்கூட. அவளுக்குப் பதினைந்து வயதில் ஒரு மகள் இருந்தாள்.